ஊட்டியை வைத்து ஸ்காட்லாந்து மலையை அளக்காதீர்கள்

இந்த அக்டோபரிலும் வந்துவிட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள், இரண்டு நண்பர்கள், ஸ்காட்லாந்துக்கு மேல்படிப்புக்கு வந்தவர்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கெய்ர்ன் கார்ம், பென் மக்டூயி என்ற இரண்டு மலைகளையும் ஒரே நாளில் ஏறி இறங்கக் கிளம்பியவர்களை, இருட்டிய பிறகு மலை மீட்புக் குழுவினர் எங்கள் எமர்ஜென்சிக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு உடல் வெப்பம் 31 டிகிரி செல்சியஸ். ஊறிப்போன ஜீன்ஸைக் கத்தரித்துத்தான் எடுத்தோம். ஜாக்கெட் பையில் ஒரு சாக்லேட், உறை பிரியாமல் இருந்தது. பசி இருந்திருக்கிறது, பிரிக்கத்தான் விரல் வரவில்லை.

கொஞ்சம் தேறிய நண்பர் சொன்னது, நான் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே வசனம்: “ஊட்டி இதைவிட எவ்வளவோ உயரம் டாக்டர். இது வெறும் 1,300 மீட்டர்தானே?”

உயரத்தை மட்டும் பார்த்தால் கணக்கு சரிதான். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், பென் மக்டூயி 1,309. ஆனால் ஊட்டி இருப்பது பூமத்தியரேகைக்கு 11 டிகிரி வடக்கே, இந்த மலை 57 டிகிரி வடக்கே. ஊட்டியில் உச்சி வரை மரமும் வீடும் டீக்கடையும் உண்டு. இங்கே மேலே ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. 630 மீட்டரில் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் 8 டிகிரி என்றால் பென் மக்டூயி உச்சியில் சுமார் 4 டிகிரி. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு மைனஸ் 3 போல இருக்கும். அதுவும் உடை நனையாமல் இருந்தால்தான்! 60 கிலோமீட்டர் இங்கே பெரிய காற்றே இல்லை. 1986 மார்ச்சில் கெய்ர்ன் கார்ம் உச்சியில் மணிக்கு 173 மைல் பதிவாகியிருக்கிறது. ஜூனில்கூடப் பனி விழுந்ததுண்டு. தயவுசெய்து மீட்டரை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

இரண்டு உச்சிகளுக்கும் நடுவே இருப்பது பரந்த மேட்டுநிலம். மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது, அதன் விளிம்பிலோ செங்குத்துப் பாறைகள். 1971 நவம்பரில் இதே மேட்டில் பனிப்புயலில் சிக்கி ஐந்து மாணவர்களும், அவர்களோடு போன பயிற்சி நிலை வழிகாட்டி ஒருவரும் குளிரில் இறந்தார்கள்.

கூட ஒருவர் வருகிறார் என்றால் அவரைப் பாருங்கள். ஹைப்போதெர்மியா, அதாவது உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும் நிலை, வந்தவருக்குத் தனக்கு வந்திருப்பது தெரியாது, மூளைதான் முதலில் மந்தமாகிறது. சளசளவென்று பேசியவர் அமைதியாகிவிட்டாரா? நாக்கு குழறுகிறதா? சமதரையில் தடுக்குகிறாரா? காரணமில்லாமல் எரிச்சல்படுகிறாரா? அங்கேயே நில்லுங்கள். “களைப்பாக இருக்கிறான், இன்னும் ஒரு மலைதானே” என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நடுக்கம் நின்றால் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, நிலைமை மோசமாகிவிட்டது. கைகாலைத் தேய்க்கவும் வேண்டாம், விஸ்கியும் வேண்டாம்; அது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து உள்சூட்டைத்தான் வெளியேற்றும். முதுகுப்பையின் மேல் உட்காரவைத்து, காய்ந்த உடை போட்டு, பிளாஸ்டிக் சர்வைவல் பைக்குள் (ஆள் நுழையும் அளவுள்ள அவசரகாலப் பை) இருவரும் நுழைந்துகொள்ளுங்கள். ஆளை உலுக்காதீர்கள், குளிர்ந்த இதயம் சட்டென்று தாளம் தப்பும்.

ஜீன்ஸ் போடாதீர்கள். பருத்தி பனியனும் வேண்டாம். மழை ஜாக்கெட், மழைக் கால்சட்டை, தொப்பி, இரண்டு ஜோடி கையுறை, ஹெட்டார்ச், விசில், காகித வரைபடம், திசைகாட்டி. போன் மட்டும் போதாது, குளிரில் பேட்டரி கண்முன்னே இறங்கும். நகரத்து வானிலையைப் பார்க்காதீர்கள், மலை வானிலை அறிக்கை தனியாக வருகிறது. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளியதும் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். நண்பகலாகியும் முதல் உச்சியே வரவில்லையென்றால் இரண்டாவதை விட்டுவிடுங்கள்.

ஆபத்தென்றால் 999 அழைத்து முதலில் போலீஸைக் கேளுங்கள், பிறகு மலை மீட்பு. பலர் ஆம்புலன்ஸ் கேட்டு நேரத்தை இழக்கிறார்கள். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

கிளம்பும் முன் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பத்திரமாக இறங்கியதும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். இங்கே மீட்புக் குழுவினர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். நீங்கள் ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருப்பது தெரியாமல் நடுராத்திரியில் மலையில் உங்களைத் தேடுவார்கள்.