பிரேக் கத்துகிறதா? அந்த எண்ணெய் டப்பாவைக் கீழே வையுங்கள்

ஒருவரின் பைக்கில் டிஸ்க் பிரேக் கீச்சிட்டதாம். செயினுக்கு அடிக்கிற ஸ்பிரே கையில் இருந்ததாம். டிஸ்க்குக்கும் ரெண்டு அடி அடித்துவிட்டாராம். சத்தம் அடங்கிய சந்தோஷத்தில் கிளம்பியவர், தெருமுனையில் நின்றிருந்த ஒரு காரின் பின்புறத்தில் போய் மோதித்தான் நின்றார். பெரிய அடி இல்லை, அவர் நல்ல நேரம். இருசக்கர வண்டிகளுக்குப் பிரேக் வேலை பார்ப்பது என் பிழைப்பு. இந்தக் கதை எனக்குப் புதிதில்லை, வண்டியும் ஆளும்தான் மாறுகிறார்கள். எழுதி வைத்துவிட்டால், அடுத்து வருகிறவரிடம் வாய் வலிக்கப் பேசாமல் இதைப் படிக்கச் சொல்லிவிடலாம்.

உராய்வு என்றாலே ஒழிக்க வேண்டிய சங்கதி என்று எல்லார் மனதிலும் பதிந்துகிடக்கிறது. கதவுக் கீல் கத்தினால் எண்ணெய், பூட்டு இறுகினால் எண்ணெய், அதே கையோடு பிரேக்குக்கும் எண்ணெய். கீல் லேசாகத் திரும்ப வேண்டும், அதற்கு எண்ணெய் சரி. பிரேக் பேட் டிஸ்க்கைக் கவ்விப் பிடித்துத் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பை எடுத்துவிட்டால் லீவர், கேபிள், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் என்று காசு போட்டு மாட்டிய எதற்கும் அர்த்தமில்லை.

"கொஞ்சம்தான் அடித்தேன்" என்பார்கள். அந்தக் கொஞ்சம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். வண்டியும் ஆளுமாக 220 கிலோ, வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வையுங்கள். அந்த ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் சுமார் 30,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 7 டிகிரி சூடாக்கப் போதுமானது. வண்டி நிற்பதற்குள் பெரும்பாலும் இவ்வளவும் பேடும் டிஸ்க்கும் உரசி வெப்பமாக மாறியாக வேண்டும். நல்ல டயர், காய்ந்த சாலை, சுத்தமான பிரேக் என்றால் 20 மீட்டரில் நின்றுவிடலாம். எண்ணெய் பட்டுப் பிடிமானம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டால் 35 மீட்டர் வேண்டும். இதில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. நல்ல பிரேக் உள்ளவர் நின்றுவிட்ட அதே 20-வது மீட்டரில், எண்ணெய் அடித்தவர் இன்னும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். அங்கே ஒரு குழந்தை குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, "துணியால் துடைத்துவிட்டேனே" என்பவர்கள். டிஸ்க் இரும்பு, துடைத்தால் போகும். அதையும் பிரேக் கிளீனர் போட்டுத்தான் துடைக்க வேண்டும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் அதுவே ஒரு படலமாகத் தங்கும். பேட் அப்படியில்லை. அதில் நுண்ணிய துளைகள் உண்டு, எண்ணெயை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். மேலே துடைத்தாலும் சூடேறும்போது மறுபடி கசியும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, அடுப்பில் வாட்டி எண்ணெயை எரிப்பது, "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவது எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பேடின் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு பிசின். அடுப்பில் வாட்டினால் முதலில் கெடுவது அதுதான். எண்ணெய் குடித்த பேடைக் கழற்றிக் குப்பையில் போடுங்கள், தயவுசெய்து. டிரம் பிரேக்கில் பேடின் வேலையைச் செய்யும் ஷூவுக்கும் இதே தீர்ப்புதான்.

சரி, அப்புறம் ஏன் கத்துகிறது? மழையில் நனைந்து டிஸ்க்கில் லேசாகத் துரு படிந்திருக்கலாம், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். பேடின் முகம் கண்ணாடி போல இறுகியிருக்கலாம். உள்ளே தூசி அடைந்திருக்கலாம். பேட் தேய்ந்து அடித்தகடே டிஸ்க்கில் உரசலாம், இதுதான் ஆபத்து. பேடில் ஒரு கோடு பள்ளமாக வெட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளம் மறைந்துவிட்டால் பேடின் ஆயுள் முடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

எண்ணெய் அடிக்கவே இல்லை, ஆனாலும் பிடிக்கவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களை நான் நம்புகிறேன். முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் குழாய்கள்தான் ஃபோர்க். அதன் ஆயில் சீல் கிழிந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் அந்தக் குழாய் வழியே வழிந்து காலிப்பரில் இறங்கும். ஃபோர்க்கில் எண்ணெய் வளையம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டயர் பளபளக்க பாலிஷ் பூசுவது இன்னொன்று. ஓரத்தில் பூசியது சக்கரம் சுழலும்போது தரையைத் தொடும் பகுதிக்கும் டிஸ்க்குக்கும் தெறிக்கும். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது தரையில் படுவதே அந்த ஓரம்தான். கார் டயருக்கு வேண்டுமானால் பூசிக்கொள்ளுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, டயருக்கும் டிஸ்க்குக்கும் ஒரு துணியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு விடுங்கள். எஞ்சின் ஓடும்போது விட்டு விரலைச் செயினில் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

பிரேக்கில் எண்ணெய்ப்பசை படவேண்டிய இடமே இல்லையா என்றால், உண்டு. லீவர் ஆணி, காலிப்பர் நகர்வதற்கான ஆணி, டிரம்முக்குள் ஷூவை விரிக்கும் கேம். அங்கேயும் சூடு தாங்கும் கிரீஸ், தீக்குச்சி முனை அளவு. பழகாதவர்கள் இதை வீட்டில் முயல வேண்டாம்.

இதே குழப்பம் கிளட்ச்சிலும் நடக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தகடுகள் எஞ்சின் எண்ணெயிலேயே ஊறிக்கொண்டு, ஒன்றையொன்று பிடிக்கவும் வேண்டும். "காருக்கு வாங்கியது மிச்சம் இருந்தது, விலை உயர்ந்த எண்ணெய்" என்று ஊற்றுவார்கள். அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருந்தால், ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் மட்டும் அலறும், வண்டி நகராது. டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (JASO MA) என்று இருக்கிறதா பாருங்கள், எண்ணெயில் ஊறும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக் குறி அது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு 'எம்பி' (MB). கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கடைசிச் சொல்.

முன் பிரேக்கைத் தொட்டாலே வண்டி குப்புற விழும் என்று நம்புகிறவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இப்போதைக்குச் சுருக்கமாக: பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிறது. தரையை நன்றாகப் பிடித்திருப்பது முன்சக்கரம்தான். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் லேசான சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள், முன்னதைப் படிப்படியாக இறுக்குங்கள், திடுக்கென்று பிடுங்காதீர்கள்.

புது பேட் மாட்டியதும் பழைய தைரியத்தில் பறக்காதீர்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய முதல் 200 கிலோமீட்டராவது நிதானம் வேண்டும். புது டயருக்கும் அப்படித்தான், அதன் மேல்பரப்பு ஆரம்பத்தில் வழுக்கும். நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்யும் முதல் மழையிலும் வேகத்தைக் குறையுங்கள், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் குழையும்.

கடைசியாக, தெரியாமல் எண்ணெய் அடித்துவிட்டீர்கள் என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ஏற்றி அனுப்புங்கள். வந்ததும் நடந்ததை மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் திட்டுவோம், நான் நிச்சயம் திட்டுவேன். ஆனால் மறைத்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் வரை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுவோம், அந்தக் கூலியும் உங்கள் பில்லில்தான் ஏறும்.