அப்புச்சி ஆடு போலக் கத்தினால் அழுகை ஏன் நிற்கிறது?

சேலத்தில் கைக்குழந்தை இருக்கும் ஏதாவது ஒரு வீட்டுக்கு மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர் ஒருவர் ஆடு போலக் கத்திக்கொண்டிருப்பார். காலமெல்லாம் கணக்குப் பாடம் நடத்தியவராக இருக்கலாம், லீ பஜாரில் மண்டி வைத்திருப்பவராக இருக்கலாம். பேரக்குழந்தை வீறிட்டால் எல்லா அப்புச்சியும் ஆடுதான். பக்கத்தில் அம்மாயி ஒரு கையால் சாவிக்கொத்தைக் குலுக்கி, மறு கையால் எவர்சில்வர் தட்டைத் தட்டிக்கொண்டிருப்பார். பெற்றவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பாள்.

பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே கூத்து. குழந்தையின் உடலுக்குள் இவை இரண்டு வேறு வேலைகளைச் செய்கின்றன. ஆட்டுக் கத்தலும் சாவிக்கொத்தும் கவனத்தைப் பிடித்து இழுக்கின்றன. நடையும் ஆட்டமும் தடவலும் உடலையே தணிக்கின்றன. முதல் வகை உடனே பலிக்கும், நிலைக்காது. இரண்டாவது தொடர்ந்து செய்தால் நிலைக்கும். முதலில் வேடிக்கை காட்டி, பிறகு தூக்கி நடந்து, கடைசியில் தூளியில் போடு என்ற வரிசையை நம் வீட்டுப் பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துவைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள்தான் பெரும்பாலும் தவறு.

ஆட்டிலிருந்தே தொடங்கலாம். எதிர்பாராத ஓசை ஒன்று அளவான சத்தத்தில் காதில் விழுந்தால், குழந்தையின் இதயத் துடிப்பு சில விநாடிகளுக்குக் குறைகிறது. கைகால் உதைப்பது நிற்கிறது. கண் ஓசை வந்த பக்கம் தேடுகிறது. ‘என்ன அது?’ என்று உடல் கேட்கும் அனிச்சைச் செயல் இது. உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டே வீறிட்டு அழுவது சின்னக் குழந்தையால் ஆகாத காரியம். ஆனால் அளவு முக்கியம். தட்டை ஓங்கி அடித்தால் நேர்மாறாக நடக்கும்: துடிப்பு எகிறும், இரண்டு கைகளும் விரிந்து உதறும், அழுகை இரட்டிப்பாகும்.

மூன்றாவது முறை கத்தும்போது ஆடு பழசாகிவிடுகிறது. மூளை அந்த ஓசையைப் பதிந்துகொண்டு பதில் சொல்வதை நிறுத்திவிடுகிறது. புதிய ஓசை வந்தால் கவனம் மறுபடி விழித்துக்கொள்ளும். ஆகவே அப்புச்சி காகமாகிறார், பிறகு பஸ் ஹாரன் ஆகிறார், பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஆடுகிறார். அவருடைய கோமாளித்தனம் நிமிடத்துக்கு நிமிடம் முற்றிக்கொண்டே போவது வயதுக் கோளாறு இல்லை. குழந்தையின் மூளை அவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இந்த வித்தைக்கு ஓர் எல்லை உண்டு. 1997ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஹார்மன், ராத்பார்ட், போஸ்னர் மூவரும் சில மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். அழும் குழந்தைக்கு வேடிக்கை காட்டினால் அழுகை அடங்குகிறது. வேடிக்கை தீர்ந்ததும் அது ஏறக்குறைய விட்ட அளவிலேயே மறுபடி தொடங்குகிறது. முகம் தெளிந்திருந்தாலும் உள்ளே தவிப்பு அப்படியே காத்திருக்கிறது. ‘இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தானே, அப்புச்சி கீழே வைத்ததும் ஏன் கத்துகிறான்?’ என்று யாரும் அவரைக் குறை சொல்லத் தேவையில்லை. அவர் வாங்கிக் கொடுத்தது அவகாசம். அதற்குள் அடுத்த வேலையை யாராவது தொடங்கியிருக்க வேண்டும்.

அந்த அடுத்த வேலை, தூக்கிக்கொண்டு நடப்பது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. தாய் குழந்தையை அணைத்தபடி உட்கார்ந்திருப்பதையும், அதே குழந்தையை அணைத்தபடி நடப்பதையும் ஒப்பிட்டார்கள். நடக்கத் தொடங்கிய சில விநாடிகளிலேயே அழுகை குறைந்தது, உதறல் நின்றது, இதயத் துடிப்பு இறங்கியது. எலிக்குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்குவதுபோலப் பிடித்தால் அதுவும் இப்படியே அடங்கிச் சுருள்கிறது. தாய் இடம் மாற்றும் நேரத்தில் துள்ளாமல் இருந்த குட்டி பிழைத்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

அதே குழு 2022இல் இன்னும் பயனுள்ள ஒன்றைச் சொன்னது. அழும் குழந்தையை ஐந்து நிமிடம் நிற்காமல் நடந்து சுமந்தால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தூங்கிவிடுகின்றன. தூங்கியதும் கீழே கிடத்திவிடக் கூடாது. மடியில் வைத்தபடி ஐந்திலிருந்து எட்டு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையை எழுப்புவது படுக்கையின் குளிர்ச்சி என்றுதான் நாம் நினைக்கிறோம். இதயத் துடிப்பு காட்டியது வேறு. முதுகு பாயைத் தொடுவதற்கு முன்பே, தாயின் உடலிலிருந்து பிரியத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே துடிப்பு ஏறுகிறது.

இனி அந்தி நேர அழுகை. நம் வீடுகளில் இதற்குப் பெயர் திருஷ்டி. உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போடுவார்கள். நெடி வராவிட்டால் கண் பட்டது உறுதி. பிறகு குழந்தை அடங்குவதும் பல நாள் உண்மையே. காரணம் மிளகாயில் இல்லை. பாஸ்டன் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962இல் பதிவு செய்து, பின்னால் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒரு போக்கு இது: பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை கூடி, ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக இறங்குகிறது. அதிலும் பெரும் பங்கு மாலையிலும் முன்னிரவிலும் வந்து குவிகிறது. உச்சத்தில் இருக்கும் எதுவும் அடுத்து இறங்கத்தான் வேண்டும்; உச்சத்தில்தான் நாம் சுற்றிப் போடுகிறோம். அதோடு, சுற்றிப் போடும்போது குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்து வாசலுக்குத் தூக்கி வருகிறார்கள். வீட்டிலுள்ளவர்கள் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துகிறார்கள். குரோடாவின் ஆய்வுக்கூடத்தில் நடந்ததற்கு இது ரொம்பத் தூரமில்லை.

தூளிக்கு வருவோம். அம்மாவின் பழைய பருத்திச் சேலை, விட்டத்தில் ஒரு கொக்கி, சேலை மூடிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு கட்டை. இயற்பியல் கணக்கில் இது ஓர் ஊசல். ஊசலின் வேகம் அதன் நீளத்தை மட்டும் பொறுத்தது, குழந்தையின் எடையைப் பொறுத்ததில்லை. கொக்கியிலிருந்து குழந்தை வரை இரண்டரை மீட்டர் என்றால் ஒரு முறை போய்வர 3 விநாடிக்குச் சற்று அதிகம் ஆகும். சுவிட்சர்லாந்தில் பெரியவர்களை ஆடும் கட்டிலில் படுக்கவைத்து 2011இலும் 2019இலும் ஆய்வு செய்தவர்கள் தேர்ந்தெடுத்த வேகம் 4 விநாடிக்கு ஒரு ஆட்டம். கட்டிலில் படுத்தவர்கள் விரைவில் தூங்கினார்கள், ஆழ்ந்தும் தூங்கினார்கள். பழைய ஓட்டு வீட்டின் உயரமும் ஆய்வுக்கூடமும் இவ்வளவு அருகில் வந்து நிற்பது தற்செயலாகவே இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆட்டத்தை உணர்வது உட்செவி. அங்கே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் திரும்பலை உணர்கின்றன. அவற்றின் அடியில், கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்த இரு சிறு பைகள் முன்பின் அசைவையும் சாய்வையும் உணர்கின்றன. 2019இல் எலிகளிடம் நடந்த ஆய்வு, இந்தத் துகள்கள் இல்லாமல் பிறந்த எலிகளை ஆட்டினால் தூக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று காட்டியது. தூளி தாலாட்டுவது காதின் இந்த மூலையைத்தான். குழந்தை புரண்டால் தூளி தானே கொஞ்சம் ஆடிக்கொள்கிறது என்பது கூடுதல் வசதி. ஆனாலும் இரவு முழுவதும் தூளியில் விடுவதை மருத்துவர்கள் ஏற்பதில்லை. துணி குழிவதால் பச்சிளம் குழந்தையின் தாடை மார்போடு மடங்கி மூச்சுப் பாதை குறுகக்கூடும். தூங்கியதும் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே சரி.

இதே உட்செவியைச் சோதிக்கச் சேலத்துக்காரர்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏறத் தொடங்கும் ஏற்காடு பஸ்ஸில், ஐந்தாவது வளைவுக்குள் பெரியவர்கள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு ஜன்னல் ஓரம் சாய்ந்துவிடுவார்கள். மடியிலிருக்கும் ஆறு மாதக் குழந்தை சுகமாகத் தூங்கும். இரண்டு வயதுக்குக் கீழே பயண வாந்தி மிக அரிது. கண் ஒன்று சொல்ல உட்செவி வேறொன்று சொல்லும் முரண்பாட்டில்தான் நமக்குக் குமட்டல் வருகிறது என்பது பரவலான விளக்கம். அப்படி ஒப்பிட்டுக் குழம்பும் அளவுக்குக் குழந்தைக்கு இன்னும் அனுபவம் சேரவில்லை. அதற்குக் கிடைப்பதெல்லாம் ஆட்டம், என்ஜினின் உறுமல், அம்மாவின் சூடு.

இறங்கும்போது கதை வேறு. ஏற்காடு 1,500 மீட்டருக்கும் மேலே. சேலத்துக்கு வருவதற்குள் வெளிக் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் கூடிவிடுகிறது. நடுச்செவியிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் திறந்தால்தான் உள்ளழுத்தம் சமமாகும். நாம் எச்சில் விழுங்கிச் சமாளிக்கிறோம். குழந்தைக்கு அந்தக் குழாய் குறுகலானது, விழுங்க வேண்டும் என்றும் தெரியாது. பஸ்ஸில் திடீரென்று வீறிடும் குழந்தைக்கு ‘பசிக்கிறது போல, பால் கொடு கண்ணு’ என்று பின் சீட்டுப் பாட்டி சொல்வார். பசியில்லை, காது வலி. பாட்டி சொன்ன காரணம் தவறு, வைத்தியம் நூற்றுக்கு நூறு சரி. ஒவ்வொரு மிடறும் குழாயைத் திறக்கிறது.

ஓசையிலும் இரண்டாவது வகை உண்டு: மாறாத ஓசை. ‘ஷ்ஷ்ஷ்’ என்று காதருகே ஊதுவது, மிக்ஸி ஓடினால் தூங்கிவிடுவது, தறியோரத் தூளியில் உறங்குவது எல்லாம் இதில் சேரும். 1990இல் லண்டனில் 40 பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த சோதனையில், சீரான இரைச்சல் கேட்ட 20 பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்தில் தூங்கினார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர் மட்டுமே. கருப்பைக்குள்ளும் ரத்த ஓட்டத்தின் ஓசை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த காதுகள் அவை. சீரான இரைச்சல், கதவு சாத்துவது போன்ற திடீர் ஓசைகளையும் மூடிவிடுகிறது. ஆனால் கைத்தறிச் சத்தத்தையும் விசைத்தறிச் சத்தத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. சேலத்துக்கு அருகே இளம்பிள்ளை ஊர்ப் பக்கத்து விசைத்தறிக்கூடங்களில் நெய்கிறவர்களின் காதுக்கே அந்தச் சத்தம் கேடு. குழந்தைக்குச் சொல்லவே வேண்டாம். தூங்குகிறதே என்பதால் காது தப்பித்துவிடாது.

புவ்வா, மம்மம், ஜோஜோ, டாட்டா. படித்த அப்பாக்கள் சிலர் ‘குழந்தையிடம் ஒழுங்காகப் பேசுங்கள்’ என்று தாத்தா பாட்டியைக் கண்டிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்டிப்பு வீண். பிறந்து சில நாளே ஆன குழந்தைகளின் மூளையில் ரத்த ஓட்டத்தை அளந்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே அசை அடுத்தடுத்து வரும் ஒலித்தொடருக்குக் கூடுதல் பதில் கிடைத்தது. குரலை உயர்த்தி, இழுத்து, ஏற்ற இறக்கத்தோடு பேசுவதைக் குழந்தைகள் விரும்பிக் கேட்கிறார்கள் என்பதை 2020இல் பல நாடுகளைச் சேர்ந்த 67 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் உறுதி செய்தன. பேரனிடம் பேசும்போது அப்புச்சியின் கட்டைக் குரல் கீச்சுக் குரலாவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறூட்டி, நண்டாகக் கையேறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முழுக்கத் தெரிந்ததையும் முழுக்கப் புரியாததையும் விட்டு, இடைப்பட்டதையே ஏழெட்டு மாதக் குழந்தைகள் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று 2012இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நண்டு எங்கே போய்ச் சேரும் என்று குழந்தைக்குத் தெரியும், எப்போது என்று தெரியாது. நல்ல அம்மாயி முழங்கையில் கொஞ்சம் நின்று தாமதிப்பார்.

குழந்தை தடுக்கி விழுந்தால் ‘என் சாமியைத் தள்ளிவிட்டது இந்தத் தரைதானே?’ என்று தரையை நாலு அடி அடிப்பது பலருக்குப் பிடிப்பதில்லை. பழி போடக் கற்றுக்கொடுக்கிறோம் என்பார்கள். விழுந்த குழந்தை அழுவதற்கு முன் ஒரு கணம் பெரியவர் முகத்தைப் பார்க்கும். அந்த முகத்தில் இருப்பதுதான் முடிவு செய்கிறது. 1985இல் வெளிவந்த பெயர்பெற்ற சோதனையில், கண்ணாடித் தரைக்குக் கீழே சிறு பள்ளம் தெரியும்படி அமைத்து, ஒரு வயதுக் குழந்தைகளை எதிர்ப்பக்கம் தாய் நிற்கத் தவழவிட்டார்கள். தாய் முகத்தில் பயம் காட்டியபோது 17 பேரில் ஒருவரும் கடக்கவில்லை. மகிழ்ச்சி காட்டியபோது 19 பேரில் 14 பேர் கடந்தார்கள். தரையை அடிக்கும் அம்மாயியின் முகத்தில் பயம் இருப்பதில்லை, போலிக் கோபம்தான் இருக்கிறது. அதுவே போதும்.

விட்டுவிட வேண்டியவையும் இருக்கின்றன. உலுக்குவது கூடவே கூடாது. கழுத்து நிற்காத குழந்தையின் மூளைக்குள் ரத்தம் கசியக்கூடும், உயிருக்கே ஆபத்து. மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்கக் கூடாது. சாம்பிராணிப் புகை நுரையீரலுக்கு ஆகாது, தலை ஈரத்தைத் துணியால் துடைத்தால் போதும்.

கடைசியாக, நம் ஊர்ச் சரக்கு ஒன்று. செவ்வாய்ப்பேட்டையில் பேரக்குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி மாட்டி, காலைப் பிடித்துச் சலங்கையைக் குலுக்கிக் காட்டுவது சேலத்து அம்மாயிகளின் வழக்கம். 1969இல் அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவீ-கோலியர் தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மைகளைக் குழந்தையின் கணுக்காலோடு நாடாவால் இணைத்தார். உதைத்தால் பொம்மை ஆடும் என்று கண்டுகொண்ட இரண்டு மூன்று மாதக் குழந்தைகள் மேலும் மேலும் உதைத்தார்கள். மூன்று மாதக் குழந்தைகள் அதைச் சில நாள் கழித்தும் மறக்கவில்லை. கொலுசில் நாடா வேண்டாம், பொம்மை வேண்டாம், ஓசை காலிலேயே இருக்கிறது. ஐந்தாறு மாதத்தில் அந்தக் கால் நேராக வாய்க்குப் போகும் என்பதால், கடையிலேயே ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பார்த்து, பற்றவைப்பு கெட்டியாக இருப்பதை வாங்குங்கள்.