மார்பின் மாத்திரை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி கீமோ தாங்க மாட்டார், வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் பகலில் ஆள் இல்லை. "ரெண்டு ஹோம் பாத்துட்டு வந்தோம் சிஸ்டர். ஒண்ணுல ஏசி ரூம், டிவி, ஏத்தி எறக்குற கட்டில் எல்லாம் இருக்கு. இன்னொண்ணு பழைய வீடு, நாலே கட்டில்தான். எதுல சேக்கலாம்?"

"ரெண்டு எடத்துலயும் வலிக்குக் குடுக்குற மார்பின் மாத்திரை இருக்கான்னு கேட்டீங்களாம்மா?"

அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை.

நான் 14 வருடங்களாகக் கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் வலி தணிப்புச் சிகிச்சையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். குணமாக்க முடியாத நோயோடு இருப்பவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. முன்பெல்லாம் ஹாஸ்பிஸ், பாலியேட்டிவ் கேர் என்றால் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது முதியோர் இல்லம் நடத்துகிறவர்களும், வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிகளும்கூடப் பலகையில் அந்தப் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். மனதார உழைக்கிறவர்கள் அவர்களில் உண்டு. ஒன்றும் தெரியாமல் கட்டில் வாடகை வாங்குகிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

அதனால்தான் மார்பினில் தொடங்குகிறேன். முற்றிய புற்றுநோயின் கடும் வலிக்குப் பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக் ஊசியும் போதாது. டிரமடால் கொஞ்ச தூரம் தாங்கும், அதற்கும் ஓர் உச்ச அளவு உண்டு. வலியின் அளவுக்கு ஏற்ப மருந்தைப் படிப்படியாக ஏற்றும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. அதன் மேல்படியில் இருப்பது வாய்வழியாகக் கொடுக்கும் மார்பின். சின்ன மாத்திரை, விலையும் குறைவு. அதற்கு மூலப்பொருளான அபினி நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும், அரசு அனுமதியோடு பயிராகிறது. ஆனாலும் நோயாளிக்குக் கிடைக்கவில்லை. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, மார்பின் வாங்கி வைக்கவே பல உரிமங்கள் தேவைப்பட்டன. எதற்கு வம்பு என்று மருத்துவமனைகள் ஒதுங்கிவிட்டன.

2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அங்கீகாரம் வாங்கினால் போதும். பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். வந்த மாத்திரை, கொடுத்த மாத்திரை, மீதி என்று பதிவேடு எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆகவே "மார்பின்லாம் வைக்க முடியாதுங்க, சட்டப் பிரச்சினை" என்று ஓர் இடத்தில் சொன்னால் நம்ப வேண்டாம். சொந்தமாக அங்கீகாரம் இல்லாத சின்ன இடம் என்றால், அங்கீகாரம் உள்ள மருத்துவமனையிலிருந்து நோயாளியின் பெயரில் வாங்கித் தரும் ஏற்பாடாவது இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வலியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள்?

இருக்கிறது என்று சொன்னால் அப்புறம், எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். "வலிச்சா கூப்பிடட்டும், தர்றோம்" என்பது தவறான பதில். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம்தான். வலி திரும்ப வருவதற்குள் அடுத்த வேளை உள்ளே போக வேண்டும், கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வலி குத்தினால் கொடுக்கக் கூடுதல் அளவு எழுதி வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, மார்பின் மலத்தை இறுக்கும். முதல் நாளே மலத்தை இளக்கும் மருந்தையும் சேர்த்து எழுதாதவர்களுக்கு மார்பினைக் கையாளத் தெரியாது என்றே நான் எடுத்துக்கொள்வேன். எட்டு நாள் மலம் கழியாமல், வலிக்குக் கொடுத்த மருந்தே வயிற்று வலியான நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அளவை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள், அது மருத்துவர் வேலை. அடிமையாகிவிடுவாரோ என்ற பயம் எல்லா வீட்டிலும் வருகிறது. கடும் வலிக்கு முறையாகக் கொடுக்கும்போது அப்படி ஆவது மிக அரிது.

தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவர். தாடையில் புற்றுநோய், கன்னம் வெளியே திறந்துவிட்டது. பணம் கட்டிச் சேர்த்த ஓர் இல்லத்தில் 11 நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். அங்கே ஒரு நாளைக்கு மூன்று வலி ஊசி போட்டிருக்கிறார்கள். புண்ணிலிருந்து நாற்றம் வருகிறது என்று கடைசி அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். "சாமி ரூம் மாதிரி கட்டு கட்டா ஊதுபத்தி கொளுத்தி வச்சாங்க சிஸ்டரு. எனக்கே கொமட்டிச்சி, அவருக்கு எப்படி இருந்திருக்கும்" என்று அவர் மனைவி சொன்னார்.

அந்த மீனவரால் பேச முடியாது. வலியை ரூபாய்க் கணக்கில் கேட்பது எங்கள் வழக்கம். "ஐயா, தாங்கவே முடியாத வலி ஒரு ரூபாய்னா, இப்ப எவ்வளவு?" அவர் வலது கையின் ஐந்து விரலையும் விரித்தார். கொஞ்சம் யோசித்து இடது கையையும் தூக்கி எல்லா விரலையும் விரித்தார். முழு ரூபாய். மருத்துவர் மார்பின் எழுதினார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் மாத்திரை உறைகளில் பேனாவால் படம் போட்டுக் கொடுத்தேன்: சூரியன் உதிப்பது, ஏறிய சூரியன், உச்சி வெயில், சாய்ந்த சூரியன், நிலா. நிலா போட்ட உறையில் மட்டும் மாத்திரை கூடுதலாக இருக்கும், நடுராத்திரியில் எழுப்பாமல் தூங்க விடுவதற்காக. புண்ணைக் கழுவி, நாற்றம் அடங்க மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கித் தூளாகத் தூவிக் கட்டினோம். சில ரூபாய் மாத்திரை அது. நான்காம் நாள் நான் போனபோது பேரப்பிள்ளை அவர் கட்டிலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். ரூபாய்க் கணக்கு கேட்டேன். இரண்டு விரல் காட்டினார், அப்புறம் அதிலும் ஒன்றைப் பாதி மடக்கினார்.

அந்த இல்லத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த 11 நாளை யார் அவருக்குத் திருப்பித் தருவது என்பதுதான் இன்றைக்கும் என் ஆற்றாமை. ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் அலுவலக அறையோடு திரும்பி வராதீர்கள். உள்ளே நடந்து பாருங்கள். கடைசி அறை வரை போங்கள். பினாயில், ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே வாசனை தூக்கலாக இருந்தால், புண்ணுக்கு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேளுங்கள். அங்கே இருப்பவரின் வீட்டார் யாராவது உட்கார்ந்திருந்தால், அவர்களிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா, அதை எழுதி வைக்கிறார்களா என்பதும் முக்கியம். முதுகெலும்பின் அடியிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்தவர்கள் அந்த இடத்தில் பலர் இருந்தால், காற்று மெத்தை இருப்பதாகப் பெருமை பேசிப் பயனில்லை.

அடுத்தது ராத்திரி. பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் நடக்கும். சேர்ப்பதற்கு முன்பே, இரவு 11 மணிக்கு அவர்கள் கொடுத்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். எடுப்பது வாட்ச்மேனா, செவிலியரா? மூச்சு வாங்கினால், வாந்தி நிற்காவிட்டால், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் செவிலியருக்கு மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறாரா, அந்த மருந்து கைவசம் இருக்கிறதா? எதற்கெடுத்தாலும் "ஆம்புலன்ஸ் வெச்சி ஜிஎச் கொண்டு போயிடுங்க" என்பதுதான் பதிலென்றால், அந்தக் கட்டிலுக்கு நீங்கள் எதற்காகப் பணம் கட்டுகிறீர்கள்? கடைசி இரண்டு நாளில் கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை வரை தூக்கிக்கொண்டு ஓடி, அவசரப் பிரிவு ஸ்ட்ரெச்சரில் உயிர் போனவர்கள் உண்டு. அவர்கள் குடும்பங்கள் அந்தப் பயணத்தைப் பற்றி இன்னும் என்னிடம் பேசுகிறார்கள். மூச்சுத்திணறலுக்கு முதுகைச் சாய்த்து உட்கார வைப்பது, முகத்துக்கு நேரே காற்றாடி, குறைந்த அளவு மார்பின் என்று செய்ய எவ்வளவோ இருக்கிறது. தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும்போது ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். இதெல்லாம் வரும் என்று வீட்டாருக்கு முன்னாலேயே சொல்லி வைப்பதுதான் பாதி சிகிச்சை.

நம் கடற்கரைக்கென்றே இன்னொரு கேள்வி: புயல் வந்தால்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதன் பிறகு பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீர் ஏறியது. புயல் சின்னம் என்று அறிவித்த உடனே வீட்டு நோயாளிகளுக்கு ஒரு வாரத்து மாத்திரையை முன்கூட்டிக் கொடுத்துவிட்டு வந்த குழுக்கள் உண்டு. ஆக்சிஜன் மெஷினில் இருப்பவருக்குச் சிலிண்டரும், சளியை உறிஞ்சி எடுக்கும் கருவிக்கு மாற்று மின்சாரமும் வேண்டும். அந்த வாரம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். செய்தவர்கள் உடனே சொல்வார்கள்.

அடுத்து, உண்மை பேசுவது. "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொள்ளாத மகன்களே குறைவு. உள்ளே போனால் அவரே மெதுவாகக் கேட்பார்: "எனக்கு இன்னும் எவ்வளவு நாள்ம்மா?" நல்ல குழு இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசும். நோயாளிக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்கும். வெண்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதை முன்கூட்டி எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் வழி செய்தது. 2023-ல் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. இதைப் பற்றிச் சேர்க்கும்போதே பேசுகிற இடம் என்றால் எனக்கு நம்பிக்கை வரும்.

சாப்பாட்டு விஷயமும் இதில் சேர்ந்ததே. கடைசி நாட்களில் உடம்பு சாப்பாட்டைக் கேட்காது. குளுக்கோஸ் ஏற்றாவிட்டால் பட்டினி போட்ட பாவம் வந்துவிடும் என்று குடும்பம் தவிக்கும். அந்தத் தவிப்பை வைத்துப் பாட்டில் பாட்டிலாக ஏற்றி, கை கால் வீங்கவைத்து, பில் போடுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். வாயை ஈரமாக வைத்திருக்கப் பஞ்சும் தண்ணீரும் போதும். விழுங்க முடியாதவர் வாயில் டம்ளரால் ஊற்றினால் புரை ஏறும். மகள் அதே பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் வைக்க விரும்பினால் கூடவே நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நேரம் முடிந்தது, பார்வையாளர் வெளியே போங்கள் என்று அப்போது சொல்கிற இடம் வேண்டாம்.

பணம் பற்றிச் சுருக்கமாக: கட்டில், மருந்து, டயாபர், மருத்துவர் வருகை என்று எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பணம் தீர்ந்தால் என்ன ஆகும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். அது தமிழ்நாட்டுத் திட்டம்; ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடைக்குள் போய்விட்டால் புதுச்சேரி யூனியன் பிரதேசம் வந்துவிடும். இறப்புச் சான்றிதழும் அப்படித்தான். எங்கே உயிர் பிரிந்ததோ அந்த ஊரில்தான் பதிவு, 21 நாளுக்குள். வீட்டிலோ இல்லத்திலோ இறந்தால் இறப்பின் காரணத்தை எழுதித் தரப்போகும் மருத்துவர் யார் என்று முன்பே தெரிந்துகொண்டால் அந்த நேரத்தில் அலைய வேண்டாம்.

அந்த மஞ்சக்குப்பத்துப் பெண் மறுநாள் திரும்ப அழைத்தார். நாலு கட்டில் வீட்டில் மார்பின் பதிவேட்டைக் கேட்டதும் எடுத்துக் காட்டினார்களாம். அப்பாவை அங்கேதான் சேர்த்தார்கள்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி: அவர் இறந்த பிறகும் எங்களைப் பார்க்க வருவீர்களா? தேவனாம்பட்டினத்து ஐயா தன் வீட்டிலேயே, தூக்கத்தில் போனார். காரியம் முடிந்து நான் போனபோது அவர் மனைவி நிலா படம் போட்ட உறையை எடுத்துவந்து கையில் வைத்தார். மீதி மார்பின் மாத்திரைகள். திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்று முதல் நாள் நான் சொன்னதை மறக்கவில்லை. எண்ணினேன், ஏழு இருந்தது. பதிவேட்டில் எழுதி அவர் கைநாட்டை வாங்கினேன். நீங்க ராத்திரி தூங்குறீங்களாம்மா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.