‘டி தரம்’ என்னும் பிழை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒலியமைப்பு வாங்குவது பற்றிப் பேசிய கூட்டத்தில், தமிழ் விற்பனைக் குறிப்பில் ‘டி தர ஆம்ப்ளிஃபயர்’ (ஒலியைப் பெருக்கும் கருவி) என்றிருந்ததைப் படித்த பெரியவர் ஒருவர், “ஏ தரம் இருக்கறப்ப சாமி காரியத்துக்கு எதுக்குத் தம்பி டி தரம்?” என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானது, பிழை மொழிபெயர்த்தவருடையது.

ஆங்கிலத்தில் ‘கிளாஸ் டி’ என்றிருப்பதையே அவர் ‘டி தரம்’ ஆக்கிவிட்டார். அந்தக் ‘கிளாஸ்’ என்பதன் மூலம் இலத்தீன் ‘கிளாசிஸ்’. ரோமானியக் குடிமக்களைச் சொத்தளவுப்படி பிரித்த பிரிவுகளை அது குறித்தது. அதில் உயர்வு தாழ்வு இருந்ததே என்று ‘தரம்’ என்போர் வாதிடலாம். ஆனால் கலைச்சொல்லுக்கு வேரைவிட வரையறையே முதன்மை. ஒலியலையின் முழுச் சுற்றான 360 பாகையில் எத்தனை பாகைக்கு, கருவிக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பான டிரான்சிஸ்டர், அதைக் கடத்துகிறது என்பதே ஏ முதல் சி வரையிலான எழுத்துகளுக்கு அளவுகோல். ஏ வகையில் 360 பாகை முழுவதும். பி வகையில் 180. ஏபி வகையில் இவ்விரண்டுக்கும் இடையில். சி வகையில் 180-க்கும் கீழே.

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தரம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கறையும் குமிழியும் பார்த்து 1 முதல் 5 வரை பிரிப்பார்கள். எண் கூடக் கூட விலை இறங்கும். ஆம்ப்ளிஃபயரின் எழுத்துகளில் அப்படி எந்த இறக்கமும் இல்லை. ஏ வகை பாட்டே ஒலிக்காதபோதும் மின்சாரத்தை இழுத்துச் சூடாகிக்கொண்டிருக்கும்; அதன் திறன், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் ஒலிக்குப் பயன்படும் பங்கு, கோட்பாட்டின்படியே 50 விழுக்காட்டைத் தாண்டாது. பி வகைக்கு அந்த எல்லை 78.5 விழுக்காடு, ஆனால் அலை சுழியை (பூச்சியத்தை) கடக்கும் இடத்தில் ஒலி திரியும் என்பதால்தான் ஏபி வகை பரவியது. சி வகை வானொலி அலைபரப்பிகளுக்கு உரியது, பாட்டுக்கு ஆகாது. டி வகையிலோ டிரான்சிஸ்டர் சுவிட்சைப் போல முழுதாகத் திறந்தும் மூடியும் இயங்குவதால் 90 விழுக்காட்டுத் திறன்கூட நடைமுறையில் கிடைக்கிறது. இவற்றுள் எதை முதல் தரம் என்பது? ‘டி’ என்பதை ‘டிஜிட்டல்’ என்று விரித்து ‘இலக்கமுறை’ என எழுதுவதும் தவறே. சி-க்கு அடுத்த எழுத்து என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

‘வகுப்பு’ என்று எழுதலாமே என்பார்கள். ‘வகு’ என்னும் வினையிலிருந்து பிறந்த நல்ல சொல்தான். ஆனால் ‘முதல் வகுப்புப் பயணச்சீட்டு’ என்று சொல்லிப் பழகிய காதில் அதுவும் உயர்வையே ஒலிக்கிறது. அதே வேரில் பிறந்த ‘வகை’ யாரையும் மேலே ஏற்றுவதில்லை, கீழே இறக்குவதில்லை. எனவே ‘இயக்க வகை’ என்பதே பொருத்தம். சுருக்கமாக ‘ஏ வகை’, ‘டி வகை’ எனலாம்.

எழுத்துகளையும் தமிழாக்கி ‘அ வகை’, ‘ஆ வகை’ என்போரின் மொழிப்பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் ஏபி அப்போது ‘அஆ’ ஆகிவிடும். கருவியின் முதுகில் ‘ஏபி’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும் கோயில் பொறுப்பாளர், கையிலுள்ள தமிழ்க் குறிப்பு வேறு எதற்கோ உரியது என்று எண்ணி அதைக் கீழே வைத்துவிடுவார்.