'இங்' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளிலும் படகுகளிலும் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் கற்பிக்கிறேன். எல்லோரும் சாதாரண தரம் (பதினோராம் ஆண்டு) வரை ஆங்கிலம் படித்தவர்கள்தான். 'ஆம், இஸ், ஆர் போட்டு வினைக்குப் பின்னால் இங்' என்ற, இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் பிரசன்ட் கன்டினியூவஸ் சூத்திரத்தை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். பேசச் சொன்னால் மட்டும் 'ஐ கோயிங் மார்க்கெட்' என்றுதான் வரும்.

இதைக் கவனக்குறைவு என்று திட்டுவதில் பயனில்லை. 'போகிறேன்' என்று சொன்னாலே போவது யார், எப்போது என்ற இரண்டும் தமிழில் தெரிந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் 'கோயிங்' தனியே நின்றால் அதில் ஆளும் இல்லை, காலமும் இல்லை. இரண்டையும் சுமப்பது ஆம், இஸ், ஆர் என்ற அந்தச் சின்னச் சொல்தான். 'ஐ' என்றால் ஆம்; 'ஹி', 'ஷி', 'இட்' அல்லது ஒருமைப் பெயர் என்றால் இஸ்; மற்றவற்றுக்கு ஆர். மறுப்பதற்கு 'நாட்' அதன் பின்னால் வருகிறது. கேள்வி கேட்க அதுவே முன்னால் போகிறது: 'ஆர் யூ கமிங்?' அதனால் முதலில் நான் இங்கைத் தொடுவதே இல்லை. 'ஐ ஆம் டயர்ட்', 'த போட் இஸ் ரெடி', 'தே ஆர் லேட்' ஆகியவை நாக்கில் படிந்த பிறகு இங்கைச் சேர்ப்பது பெரிய வேலையல்ல. பன்னிரண்டு காலங்களையும் ஒரே அட்டவணையில் அச்சடித்துக் கொடுக்கும் வகுப்புகளுக்குப் பணம் கட்டும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டலுக்கும் விதிகள் உண்டு: 'கம்' என்பதன் கடைசி 'ஈ' விழும், 'ரன்', 'சிட்' இவற்றின் கடைசி எழுத்து இரட்டிக்கும். பரீட்சைக்கு வேண்டியவை, பேச்சில் இவற்றால் யாரும் தடுமாறுவதில்லை.

உண்மையான சிக்கல், இங் பழகியபின் அதை எல்லா வினையிலும் தூவுவதில் இருக்கிறது. 'ஐ ஆம் நோயிங் த ரோட்', 'ஷி இஸ் வான்டிங் டீ' என்கிறார்கள். 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று தமிழில் யார் சொல்கிறார்கள்? தெரிவதும் வேண்டியிருப்பதும் பிடிப்பதும் செயல்கள் அல்ல, நிலைகள். ஆங்கிலத்திலும் அவற்றுக்குப் பெரும்பாலும் இங் கிடையாது. 'ஹாவ்' போன்ற சில வினைகள் இரண்டு பக்கமும் நிற்கும்: சாப்பிடும்போது 'ஐ ஆம் ஹாவிங் லன்ச்' சரி, பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது 'ஐ ஹாவ் டூ சில்ட்ரன்' மட்டுமே.

வழக்கமாக நடப்பதையும் இப்போது நடப்பதையும் குழப்புவதுதான் தொழிலில் அடி கொடுக்கும். புறாத்தீவுக்குப் படகுகள் காலையில் போகும் என்று சொல்ல நினைத்து, 'த போட் இஸ் கோயிங்' என்கிறார் படகுக்காரர். பயணி பையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடுகிறார். 'த போட்ஸ் கோ இன் த மார்னிங்' என்றிருந்தால் அவர் ஆறுதலாகத் தேநீரை முடித்திருப்பார். அதேபோல 'வாட் டூ யூ டூ?' என்று கேட்பவர் உங்கள் தொழிலை விசாரிக்கிறார். 'ஐ ஆம் வெயிட்டிங்' என்று பதில் சொன்னால், பாவம், அவர் வேறென்ன கேட்பார்?

ஒரு திருத்தத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. 'ஐ ஆம் கோயிங் டு கொழும்பு டுமாரோ' என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையால் 'வில்' போட்டுக் கொடுக்கிறார்கள். பஸ் டிக்கெட் எடுத்து, போவது உறுதியான பயணத்துக்கு ஆங்கிலேயரும் இப்படித்தான் சொல்வார்கள். நாமும் 'நாளைக்குக் கொழும்புக்குப் போகிறேன்' என்றுதானே சொல்கிறோம்.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் 'ஐ ஆம் லிவிங் இன் டிரிங்கோ' (டிரிங்கோ என்பது திருகோணமலைதான்) என்கிறார்கள். கேட்பவருக்கு அது தற்காலிகமாகத் தங்கியிருப்பதுபோல் படலாம். நிரந்தரமாக வேலை செய்யக்கூடிய ஆளைத் தேடும் முதலாளியிடம் 'ஐ லிவ் இன் டிரிங்கோ' என்று சொல்லுங்கள்.