கோபுரத்துக்கு அடியில எதுக்கு இவ்ளோ கல்லு?

குட்ரிச் கோட்டைக்குப் போறவங்க எல்லாம் மேல ஏறி வை ஆத்தைப் பாத்து போட்டோ எடுத்துட்டு எறங்கிடுறாங்க, நான் என்ன சொல்றேன்னா கீழ அகழிக்குள்ள நின்னு கோபுரத்தோட அடியைப் பாருங்க. மேல உருண்டையா இருக்கிற கோபுரம் கீழ வர வர சதுரமா மாறும், பிரமிடைப் பாதியா வெட்டி ஒட்டுன மாதிரி ஒரு கல் சரிவு.

இங்கிலாந்து-வேல்ஸ் எல்லைக் கோட்டை இது, இப்ப நாம பாக்குற செவப்புக் கல் பகுதி பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டு கடைசியில கட்டுனது. அந்தக் காலத்துல கோட்டைக்காரன் கதவை உடைக்கிறவனை விட அடியில தோண்டுறவனுக்குத்தான் அதிகமா பயந்தான். சுவருக்கு அடியில குடைஞ்சுக்கிட்டே போவாங்க, கல்லு தலையில விழாம இருக்க மரத்தை முட்டுக் குடுத்துக்கிட்டே போவாங்க, போதும்னு தோணுனதும் விறகை அடுக்கி தீ வச்சிட்டு ஒரே ஓட்டம். மரம் எரிஞ்சதும் அத்தனை டன் கல்லும் அந்தரத்துல நிக்கணும். கல்லை எவ்ளோ அமுக்குனாலும் தாங்கும், ஆனா வளையுற மாதிரி இழுவை வந்தா கல்லை ஒட்டியிருக்கிற சுண்ணாம்புக் காரை விட்டுடும், சுவர் பிளந்துடும்.

1215ல இங்கிலாந்துல ராச்செஸ்டர் கோட்டை முற்றுகைல ஜான் ராஜா 40 கொழுத்த பன்னி அனுப்பச் சொல்லி லெட்டர் போட்டாரு, அதுவும் திங்க லாயக்கில்லாததா பாத்து! அந்தக் கொழுப்புல எரிஞ்ச தீயில சதுரக் கோபுரத்தோட ஒரு மூலையே சரிஞ்சுது. மூலைன்னா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் குடையலாம், தாங்கிப் பிடிக்க அந்தப் பக்கம் எதுவும் இல்ல. திருப்பிக் கட்டும்போது அந்த மூலையை மட்டும் உருண்டையா கட்டுனாங்க, இன்னைக்கும் மத்த மூணும் சதுரம்தான்.

உருண்டையில பிஞ்சு விழ மூலையே கெடையாது, ஒரு எடத்துல பறிச்சா பாரம் ரெண்டு பக்கமும் நகர்ந்துக்கும். குட்ரிச்ல இன்னொரு படி மேல போய் அடியை அகலமாக்கிட்டாங்க, கோபுரத்தைத் தொடணும்னாலே அவ்ளோ கல்லையும் குடையணும். அகழியும் பாறையை வெட்டுனதுதான், வெட்டுன கல்லுலயே கோட்டையும் எழும்பிடுச்சு (கெட்டிக்காரனுங்க).

அப்புறம் 1646ல குட்ரிச்சுக்கே வந்துச்சு உள்நாட்டுப் போர், ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்தது. நாடாளுமன்றப் படைத் தளபதி ஜான் பிர்ச் வடமேற்கு கோபுரத்துக்கு அடியில குடைஞ்சதோட நிக்காம ‘ரோரிங் மெக்’னு ஒரு குட்டையான பீரங்கியால வெடிமருந்து அடைச்ச, ஏறக்குறைய 90 கிலோ குண்டுகளா மேலேர்ந்து போட்டாரு. கோபுரம் விழுந்துடுச்சு. அந்த பீரங்கி இப்ப கோட்டைக்குள்ளயேதான் இருக்கு, பசங்க அது வாய்க்குள்ள தலைய விட்டு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.