பழைய காருக்கு சைலன்சர் மாற்றுகிறீர்களா? விதி சொல்வது இதுதான்

"சைலன்சர மாத்துனா ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணுமாங்க?" பதினைந்து வருஷத்தை நெருங்கும் காரை வைத்திருப்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பட்டறைகளில் கேட்கும் கேள்வி இது.

வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுப்பது, வண்டியின் அடிப்படை அமைப்பையே மாற்றும் வேலையை. துருப்பிடித்ததைக் கழற்றிவிட்டு அதே மாடலுக்கான சைலன்சரை மாட்டுவது வெறும் பழுதுபார்ப்பு. அனுமதி வேண்டாம், ஆர்சியில் ஒரு எழுத்தும் மாறாது. பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சைலன்சரையே எடுத்துவிட்டு நேர் பைப் வைப்பதும், சத்தம் வர வேண்டும் என்று உள்தகடுகளை அறுத்தெடுப்பதும் வேறு கதை. சத்தத்தை அடக்கும் சாதனம் எல்லா வண்டியிலும் இருந்தாக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 120. மீறினால் 190(2) பிரிவின்படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். விதிக்குப் புறம்பாக வண்டியை மாற்றியதாக 182ஏ(4) பாய்ந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியே 5,000 ரூபாய்.

வெல்டிங் கடையில் பைப் வளைத்து மாட்டுபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். புகை பின்பக்கமோ வலப்பக்கமோதான் போக வேண்டும்; நடந்து போகிறவர்கள் இருக்கும் இடப்பக்கம் திரும்பக் கூடாது. பெட்ரோல் போகும் லைனுக்கும் சைலன்சர் பைப்புக்கும் நடுவே குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சூடான பைப்புக்குப் பக்கத்தில் எரிபொருள் ஓடுகிறது, அதனால் இந்த அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்கள் மாமா காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது சைலன்சரின் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அடைக்கச் சொன்னோம். மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஓட்டை இல்லீங்கண்ணா, கம்பெனியே வெச்சது, தண்ணி வடியறதுக்கு" என்றார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு என்றே ஓடும் காரில் சைலன்சர் நன்றாகச் சூடேறுவதில்லை. அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்தே துரு தின்கிறது. அந்தத் துளையை அடைத்தால் துரு இன்னும் வேகமாக ஏறும். உண்மையான ஓட்டை மடிப்பிலும் ஜாயின்டிலும் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டியதும் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அந்த ஓட்டையோடு ஓட்டாதீர்கள். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது, துருப்பிடித்த தரைத்தகடு வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

புகை டெஸ்டிலும் இந்த ஓட்டை வந்து நிற்கும். பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) என்பது அரசின் புகைக் கட்டுப்பாட்டுத் தரம். பிஎஸ் 2, பிஎஸ் 3 பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், எரியாத எரிபொருளான ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் (பத்து லட்சத்தில் 750 பங்கு) வரை அனுமதி. பிஎஸ் 4 என்றால் 0.3 சதவீதம், 200 பிபிஎம். கூடவே லேம்டா, அதாவது காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் அளவு, 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஓட்டை வழியே வெளிக்காற்று கலந்தால் லேம்டா எகிறிவிடும், இன்ஜின் நன்றாக இருந்தும் வண்டி ஃபெயில். ஓசூர் பக்கம் பெங்களூரு வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: அங்கே 2010-லேயே பிஎஸ் 4 வந்துவிட்டது, நாடு முழுக்க வந்தது 2017-இல்தான். ஒரே வருஷத்து, ஒரே மாடல் கார்களில்கூட அளவு மாறலாம். சர்டிபிகேட் பிஎஸ் 4-க்கும் அதற்குப் பிந்தையதற்கும் ஒரு வருஷம், பழையதற்கு ஆறு மாதம் செல்லும்.

சைலன்சரோடு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கழற்றி விற்றுவிடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். சைலன்சர் சத்தத்தைக் குறைக்கும், நச்சுப் புகையைக் குறைப்பது கன்வெர்ட்டர். அது போனால் புகை அளவு தேறாது.

பதினைந்து வருஷம் முடியப் போகும் காருக்கு முதலில் சைலன்சர், அடுத்து புகை டெஸ்ட், அதன் பிறகு ஆர்சி ரின்யூவல் என்ற வரிசையில் போனால் அலைச்சல் குறையும். ரின்யூவல் விண்ணப்பமான படிவம் 25-ஐ ஆர்சி காலாவதியாக 60 நாள் இருக்கும்போதே கொடுக்கலாம். கார் எந்த ஆபீஸின் எல்லையில் இருக்கிறதோ, தருமபுரி என்றால் டிஎன் 29, கிருஷ்ணகிரி டிஎன் 24, ஓசூர் டிஎன் 70, அங்கே வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000. பசுமை வரி தனி. தேறினால் ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை. தேதியைத் தவறவிட்டால் மாதம் 500 ரூபாய் கூடிக்கொண்டே போகும்.